லேபியாபிளாஸ்டி: அளவுகோலுக்கு முந்திய கத்தி

பெண்ணின் புறப்பிறப்புறுப்புக்கு இலத்தீன் உடற்கூற்றியல் இட்ட பெயர் 'புடெண்டம்'. நாணத்தக்கது என்பது பொருள். நன்னூல் கூறும் இடக்கரடக்கல் பெயரை மட்டுமே மறைக்கும். இச்சொல்லோ உறுப்பையே இழிக்கிறது.

அவ்வுறுப்பின் உள்ளிதழ்களை அழகு கருதிக் குறைக்கும் அறுவைச் சிகிச்சையை ஹாட்ஜ்கின்சனும் ஹெய்ட்டும் 1984இல் மருத்துவ இதழொன்றில் விவரித்தனர். இலண்டன் மருத்துவர்கள் 50 பெண்களிடம் இயல்பான அளவுகளை அளந்து வெளியிட்டதோ 2005இல்தான். உள்ளிதழின் அகலம் 7 முதல் 50 மில்லிமீட்டர் வரை வேறுபட்டது. அப்படியாயின், 'பெரிது' என்ற சொல் அதுவரை எதனோடு ஒப்பிட்டு வழங்கிற்று?

இத்தகைய ஒப்பனை அறுவைகளின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர் கல்லூரி 2007இல் அறிவித்தது. தொற்று, தழும்பு, உணர்ச்சி மாற்றம், புணர்ச்சியில் வலி ஆகியன நேரலாம் என்பதை நோயாளியிடம் முன்னரே கூற வேண்டும் என்றது. பிரித்தானிய அரச கல்லூரியோ 2013இல், 18 வயதுக்குட்பட்டோர்க்கு இது கூடாதென்றது. அவ்வயதில் உறுப்பின் வளர்ச்சியே முடிந்திராது.