மூட்டம் சதுரமான கதை

போன டிசம்பர் லீவுல வீட்டுக்குப் போனப்போ எங்க பழைய லயத்தை உடைக்கப் போறதாச் சொன்னாங்க. அம்மாச்சி பிறந்து வளந்த லயம். உடைக்கிறதுக்கு முந்தி அதோட ஒரு காலையாவது பதிவு பண்ணி வைக்கலாம்னு, எதிர் மலையில ஒரு கட்டையில ஃபோனைக் கட்டி வச்சேன். 30 செக்கனுக்கு ஒரு படம். பிரட்டுக்கு ஆள் கிளம்புற நேரத்துல தொடங்கி ஆறு மணித்தியாலம், 720 படம். செக்கனுக்கு 25 படம் ஓடினா கிட்டத்தட்ட 29 செக்கன் வீடியோ. கந்தப்பளை மூட்டம் இறங்கி, லயத்தை மூடி, திரும்ப விலகிப் போறது அதுல இருக்கணும்.

இந்தக் கட்டுரை அந்த வீடியோ எப்படிப் பிழைச்சுப் போச்சு என்பதைப் பற்றியது. ஒவ்வொரு பிழையையும் தேடிப் போனப்போ, அதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருந்தது.

முதல் பிழை சின்னது. மழைத்துளி லென்ஸை மறைச்ச ஒரு படத்தை, 213ஆவது படத்தை, நான் அழிச்சிருந்தேன். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் படங்களை எண் வரிசையில எடுக்கும். 213 இல்லன்னதும் படம் முடிஞ்சதுன்னு நினைச்சு, ஒன்பது செக்கன்கூட வராத வீடியோவைக் கையில குடுத்துட்டுப் பேசாம இருந்தது. பிழைச் செய்தியே இல்ல. படங்களுக்கு இடைவெளி இல்லாம மறுபடி எண் போட்டதும் சரியாச்சு.

இந்த எண் வரிசை சினிமாவை விடப் பழையது. 1878 ஜூனில் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். தனித்தனிப் படங்கள், ஒழுங்கான இடைவெளி, மாறாத வரிசை: அசையும் படத்தின் அடிப்படை அன்றே வந்துவிட்டது. அதே காலத்தில் ஜூலியா மார்கரட் கெமரன் என்ற புகைப்படக் கலைஞர் இலங்கையில் வசித்தார். 1879 ஜனவரியில் இறந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கே உழைத்த மக்களை அவர் எடுத்த படங்களில் முகங்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர்தான் இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் எப்போதும் முடிவெடுக்கிறார். இது எனக்கு அப்போ விளங்கல.

இரண்டாவது பிழை: லெப்டொப்ல ஓடின வீடியோ அம்மாவோட ஃபோன்ல ஓடல. படங்களை 1200 புள்ளி அகலத்துக்குச் சிறிதாக்கி பிஎன்ஜி கோப்பா வச்சிருந்தேன். பிஎன்ஜி ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறத்தையும் வைத்திருக்கும். மென்பொருளும் அப்படியே 4:4:4 முறையில வீடியோ செஞ்சிருந்தது. ஃபோன்கள் பொதுவா எதிர்பார்ப்பது 4:2:0. சரின்னு அதைக் கேட்டா, இப்போ வேற பிழை: உயரம் இரண்டால் வகுபடவில்லையாம். என் படம் 1200க்கு 675.

ஏன் இரண்டு? நம்ம கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நல்லாத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு தெரியாது. 1953இல் அமெரிக்காவில் வந்த வண்ணத் தொலைக்காட்சி முறை இதைப் பயன்படுத்தி நிறத்துக்குக் குறைவான இடம் ஒதுக்கியது. 4:2:0 அதன் பேரப்பிள்ளை. இரண்டுக்கு இரண்டு என நாலு புள்ளிகளுக்கும் வெளிச்சம் தனித்தனி, நிறம் பொது. 675ஐ இரண்டு இரண்டாகப் பிரித்தால் ஒரு வரி தனியே நிற்கும், அதுக்குச் சோடி இல்ல. ஒரு வரியை வெட்டி 674 ஆக்கினேன், எல்லா ஃபோன்லயும் ஓடிச்சு.

அந்தச் சந்தோஷத்துலதான் பெரிய பிழையை விட்டேன். ஃபோன் நிரம்பியிருந்தது, லெப்டொப் இரவல். வீடியோதான் இருக்கேன்னு மூலப் படங்களையும் பிஎன்ஜி கோப்புகளையும் அழிச்சிட்டேன்.

விடுதிக்கு வந்து பெரிய திரையில பாத்தப்போதான் மூன்றாவது பிழை தெரிஞ்சது. மூட்டம் மூட்டமா இல்ல. சாம்பல் நிறச் சதுரங்களா, சீமெந்துக் கல் அடுக்கின மாதிரி நகருது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1200க்கு 674 அளவுள்ள 720 படங்களைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 1.7 ஜிபி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதியா நான் கேட்டது 2 எம்பி. 800 பங்குக்கு மேல் எங்கோ போக வேண்டும். அது எப்படிப் போகிறது என்பதற்கு விடை சொன்னவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர்.

நசீர் அகமது 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1972இல் தன் யோசனைக்கு அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறதே என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதினார். அவர் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், டெக்சாஸில் இருந்த கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். அதுதான் டிசிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கொசைன் உருமாற்றம்.

படத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரிப்பார்கள், எட்டுக்கு எட்டு என்றால் 64 புள்ளிகள். உருமாற்றம் அவற்றை வேறு 64 எண்களாக மாற்றும். முதல் எண் அந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சம். மற்றவை, அதற்குள் வெளிச்சம் எவ்வளவு மெதுவாக அல்லது வேகமாக மாறுகிறது என்பது. பெரும்பாலான படங்களில் முதல் சில எண்கள்தான் பெரிசு, மிச்சம் கிட்டத்தட்ட பூச்சியம். சின்ன எண்களை விட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. 1988இன் எச்.261, 1992இன் ஜேபெக், அடுத்து எம்பெக் எல்லாம் இதன் மேல் நிற்கின்றன. என் வீடியோவின் எச்.264 (2003) அதே வழியில் வந்தது.

எங்க வீடுகளுக்கு இது வந்தது விசிடியா. 1993இல் வந்த விசிடியில் படம் 352க்கு 288 புள்ளிதான், ஒரு தட்டில் 74 நிமிடம். ஒரு தமிழ்ப் படத்துக்கு ரெண்டு மூணு தட்டு. சண்டைக் காட்சியில திரை சதுரம் சதுரமா உடையும். தட்டுல கீறல்னு நினைச்சு சட்டையில துடைச்சுப் போடுவோம். பல நேரம் அது கீறல் இல்ல, வேகமான அசைவுக்கு இடம் போதாமைதான்.

என் வீடியோவுல நடந்தது இது. கோடெக் முந்தைய படத்தோட ஒப்பிட்டு, மாறினதை மட்டும் எழுதப் பாக்கும். தேயிலை மலையில காத்தடிச்சா ஒவ்வொரு இலையும் மாறும். குடுத்த 2 எம்பியில பெரும்பங்கைச் செடிகளே எடுத்துக்கிட்டன. மூட்டத்துல கூர்மையா ஒண்ணும் இல்ல, மெல்ல மெல்ல மாறுற சாம்பல் மட்டும். அந்த மெல்லிய மாற்றம்தான் அந்தச் சின்ன எண்கள். அவற்றை வெட்டினதும் ஒவ்வொரு சதுரத்திலும் சராசரி மட்டும் மிஞ்சியது. மூட்டமும் மழையும் காத்தில் ஆடும் கொழுந்தும் உள்ள மலைநாடு இந்தக் கணக்குக்குக் கஷ்டமான ஊர்.

லயம் இப்போ இல்ல, திரும்ப எடுக்க முடியாது. அதிர்ஷ்டவசமா முதல் 300 மூலப் படங்கள் ஒரு மெமரி கார்டில் கிடந்தன. அவற்றை மறுபடி வீடியோவாக்கினேன். அளவைக் கட்டாயப்படுத்தாமல் தரத்தை மட்டும் சொன்னேன்: சிஆர்எஃப் 18. எண் குறையக் குறைய தரம் கூடும், சொல்லாவிட்டால் 23. கூடவே கொஞ்சம் படமணல் தூவினேன், அது மூட்டத்தில் பட்டை விழாமல் காக்கும். கோப்பு பெரிசாச்சு. மூட்டம் மூட்டமா வந்துச்சு.

மற்ற 420 படங்களுக்கு அந்த 2 எம்பி வீடியோதான் கதி. அம்மாச்சிக்கு அதைக் காட்டினேன். ஒரு இடத்துல நிப்பாட்டச் சொல்லி, "இது நம்ம இஸ்தோப்புதானே, அங்க நிக்கிறது யாருடா?" என்று கேட்டாங்க. பெரிசாக்கிப் பாத்தேன். நாலு சதுரம். கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் சாம்பல். மூலப் படம் இருந்திருந்தா நடையையோ சேலையையோ வச்சு அவங்க சொல்லியிருப்பாங்க.

மைபிரிட்ஜின் குதிரையைப் படம் படமா இன்னும் பாக்கலாம், படங்களை யாரோ வச்சிருந்ததால. பழைய லயம், ஸ்டோர், கோயில் திருவிழான்னு படம் எடுக்குற நண்பர்களே, வீடியோ செய்யுங்க, வாட்ஸ்அப்புல அனுப்புங்க. மூலப் படங்களை ரெண்டு இடத்துல வச்சுட்டு அனுப்புங்க. படத்துல நிக்கிறவங்க பேரையும் பக்கத்துல எழுதி வைங்க.