திருச்சிராப்பள்ளியில் கோடை இரவும் நாயும்

கோடைக்கால இரவுகளில் நாய்கள் எங்கே படுத்தன, அவற்றின் உடற்சூடு எப்படித் தணிந்தது என்பது வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத செய்தி. ஆயினும் ஓர் ஊரின் வீட்டமைப்பு, ஆறு, தெரு, சட்டம் ஆகியவை மாறியதை இச்சிறு செய்தியின் வழியாகவும் அறியலாம். இக்கட்டுரை திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய இரட்டை ஊர்களை மையமாகக் கொண்டு அதனை விளக்குகிறது.

திருச்சியின் கோடை

திருச்சிராப்பள்ளி கடலிலிருந்து விலகி உள்நாட்டுச் சமவெளியில் அமைந்த ஊர். கடற்காற்றின் பயன் சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ கிடைப்பதுபோல் இங்கே கிடைப்பதில்லை. மே மாதத்தில் பகலின் சராசரி உச்ச வெப்பநிலை சுமார் 38 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயில் நாட்களில் அது 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. இரவிலும் வெப்பநிலை சராசரியாக 26, 27 டிகிரியோடு நின்றுவிடுகிறது. மலைக்கோட்டை, பொன்மலை போன்ற பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல வெளிவிடுகின்றன.

வெப்பத்தைத் தணிப்பது இவ்வூரின் பண்பாட்டிலேயே கலந்துள்ளது. திருவரங்கம் கோயிலில் சித்திரை, வைகாசிக் காலத்தில் நம்பெருமாளுக்குப் பூச்சாற்று உற்சவம் என்னும் கோடைத் திருநாள் நடைபெறுகிறது. அருகிலுள்ள திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்களுள் நீருக்குரியது. கோடையில் தண்ணீர்ப்பந்தல் வைப்பது, கால்நடைகளுக்கு நீர்த்தொட்டி கட்டுவது ஆகியவை பழைய அறங்கள். மாட்டுக்கென்று கட்டிய தொட்டியில் நாயும் நீர் குடித்தது. நாய்க்கென்று தனியாக யாரும் தொட்டி கட்டியதாகக் கேள்விப்படுவதில்லை. இந்தச் செய்தி முழுவதற்கும் இதுவே அடிப்படை. மனிதருக்கும் மாட்டுக்கும் செய்த ஏற்பாடுகளின் ஓரத்திலேயே நாய் தன் குளிர்ச்சியைத் தேடிக்கொண்டது.

நாயின் உடலும் வெப்பமும்

மனித உடல் வியர்வையால் குளிர்கிறது. நாய்க்கு அந்த வகை வியர்வைச் சுரப்பிகள் பாதங்களின் அடிப்பகுதியில் மட்டுமே உள்ளன. அதனால் கிடைக்கும் குளிர்ச்சி மிகக் குறைவு. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே அதன் முதன்மையான வழி. மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரம் ஆவியாகும்போது அங்கே ஓடும் இரத்தம் குளிர்கிறது. இளைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியாகக் காற்றை இழுத்து வாய் வழியாக விடுகிறது என்பதை ஷ்மிட்-நீல்சன் என்னும் உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். உள்ளே வந்த வெப்பக் காற்று மூக்கின் ஈரத்தில் பட்டு, சூட்டை எடுத்துக்கொண்டு வேறு வழியாக வெளியேறுகிறது. எனவே நீண்ட மூக்கு நாய்க்கு ஒரு குளிரூட்டும் கருவி எனலாம்.

இரண்டாவது வழி தரை. நாயின் அடிவயிற்றில் மயிர் குறைவு. குளிர்ந்த தரையில் வயிறு படியப் படுத்தால் உடற்சூடு தரைக்கு இறங்குகிறது. மேல்மண்ணைக் கால்களால் பறித்துவிட்டு உள்ளே இருக்கும் ஈர மண்ணில் நாய் படுப்பது இதனால்தான்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி. அது 41 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்கு என்னும் ஆபத்து நிலை. பகலில் ஏறிய சூடு இரவில் இறங்கினால்தான் மறுநாள் வெயிலை உடல் தாங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இளைப்பினால் வரும் பயன் குறைகிறது. தரையும் சூடாக இருந்தால் நாய்க்கு வேறு வழி இல்லை.

காவல் நாயும் நடுகல்லும்

தமிழ்நாட்டில் நாயின் பணி பெரும்பாலும் காவலும் வேட்டையும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் இதற்குப் புகழ்பெற்ற சான்று. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல்லில் வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்ததைக் கல்வெட்டு குறிக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூரில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் ஒன்று, பன்றியோடு போரிட்டு இறந்த காளி என்னும் வேட்டை நாயை நினைவுகூர்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்த செய்தியும் அதே கல்லில் இடம்பெற்றுள்ளது.

காவல் நாய்க்கு இரவுதான் வேலை நேரம். வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து நடமாடி, பகலில் நிழலில் உறங்குவது அதன் பழக்கம். தமிழ்நாட்டின் இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் குட்டை மயிரும் நீண்ட முகமும் ஒட்டிய வயிறும் உடையவை. இவ்வுடலமைப்பு வெப்ப நாட்டுக்கு ஏற்றது. இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாட்டு நாய் அஞ்சல் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று.

பழைய வீட்டில் நாயின் இடம்

திருவரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் உள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும் அமைந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று வரிசையாகச் செல்லும். முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே ஏற, வாசலிலிருந்து காற்று உள்ளே வரும். ஓட்டுக் கூரை பொழுது சாய்ந்ததும் விரைவாக ஆறிவிடும்.

இவ்வீடுகளுக்குள் நாய்க்கு இடமில்லை. ஆசாரத்தின்படி அது வாசற்படியைத் தாண்டக்கூடாது. எனினும் வீட்டைச் சுற்றி அதற்கு மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது திண்ணையின் கீழ்ப்பகுதி. மாலையில் வாசல் தெளித்த நீர் அங்கே தேங்கி மண்ணைக் குளிர்விக்கும். இரண்டாவது கொல்லைக் கிணற்றடி. துவைகல்லின் ஓரமும் வாழைமரத்தின் அடியும் எப்போதும் ஈரமாக இருக்கும். மூன்றாவது ஆற்று மணல்.

காவிரி பழங்காலத்தில் கோடையில் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின்னரே புதுவெள்ளம் வரும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகும் நீர் திறப்பதற்கு வழக்கமான நாள் சூன் 12. ஆகவே சித்திரை, வைகாசியில் காவிரியும் கொள்ளிடமும் மணற்பரப்பாகவே இருந்தன. மேலே சுடும் அந்த மணலை ஒரு முழம் தோண்டினால் ஈரம். மக்கள் ஊற்று தோண்டி நீர் எடுத்தனர். மாலையில் மணலில் அமர்ந்து காற்று வாங்கினர். தெரு நாய்களும் அந்தி சாய்ந்ததும் ஆற்றுக்கு இறங்கி மணலைப் பறித்துப் படுத்தன. உழவர் வீட்டு நாய்களோ வாழைத்தோட்டங்களில் காவல்காரரோடு இரவைக் கழித்தன. வாழைக்குப் பாய்ச்சிய நீர் தோட்டத்தைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது.

நாய்க்காக இவற்றுள் எதுவும் செய்யப்படவில்லை. ஆயினும் எல்லாம் நாய்க்கு உதவின.

கண்டோன்மென்டும் சீமை நாய்களும்

ஆங்கிலேயர் காலத்தில் திருச்சிராப்பள்ளி முக்கியமான படைத்தளமாக இருந்தது. இங்குள்ள வெயில் அவர்களுக்குக் கொடியதாக இருந்தது. 1826 ஏப்ரல் 3 அன்று காலை ஆயர் ரெஜினால்டு ஹீபர் கோட்டைப் பகுதியில் வழிபாட்டை முடித்துத் திரும்பி, வெப்பம் தணியக் குளிக்க இறங்கியபோது இறந்தார். அவருடைய கல்லறை திருச்சி தூய யோவான் ஆலயத்தில் உள்ளது.

அதிகாரிகளோடு சீமை நாய்களும் இந்தியாவுக்கு வந்தன. அடர்ந்த மயிரும் சில இனங்களில் குட்டை மூக்கும் கொண்ட அவற்றால் நம் கோடையைத் தாங்க முடியவில்லை. பங்களாவின் உயர்ந்த கூரை, தாழ்வாரம், வெட்டிவேர்த் தட்டி, கயிற்றால் இழுக்கும் பங்கா ஆகியவை துரைக்காக அமைக்கப்பட்டவை. நாய் உள்ளே படுத்ததால் அவை நாய்க்கும் உதவின. நாயைக் கவனிப்பதற்கென்றே ஒரு சிறுவனை வேலைக்கு வைப்பதும் உண்டு. எட்வர்டு எய்ட்கன் என்பவர் 1889-இல் வெளியிட்ட 'பங்களாவின் பின்னால்' என்னும் ஆங்கில நூலில் இந்த நாய்க்காரப் பையனுக்குத் தனி இயலே உண்டு. வீரோ ஷா என்பவரின் 'வெப்ப நாடுகளுக்கான நாய்கள்' என்னும் ஆங்கில நூல் 1895-இல் வெளிவந்தது. நாயின் சூட்டைத் தணிப்பது தனியாகக் கற்றுச் செய்ய வேண்டிய வேலையாக எழுத்தில் பதிவானது இக்காலத்தில்தான் எனலாம். அந்த வேலையைச் செய்த பையன்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

மாறிய இரவு

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866-இல் தொடங்கப்பட்டது. 1994-இல் திருவரங்கமும் பொன்மலையும் இணைந்து மாநகராட்சி உருவானது. இவ்விடைப்பட்ட காலத்தில், சிறப்பாகக் கடைசி 40 ஆண்டுகளில், நாய் படுத்த மூன்று இடங்களும் சுருங்கின. திண்ணைகள் இடிக்கப்பட்டு வண்டி நிறுத்தும் இடங்களாயின. கொல்லைக் கிணறுகள் மூடப்பட்டன. வாசல் மண்ணின் மேல் சிமெண்டும் பேவர் கல்லும் வந்தன. ஆற்று மணல் அள்ளப்பட்டுப் பல இடங்களில் படுகையே தாழ்ந்தது. இராசராசன் காலத்தில் வெட்டப்பட்ட உய்யக்கொண்டான் வாய்க்காலில் நகருக்குள் கழிவுநீர் கலந்தது.

கான்கிரீட் பகலில் சூட்டை உள்வாங்கி நள்ளிரவு தாண்டியும் வெளிவிடும். குளிரூட்டிகள் அறையின் சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகின்றன. பகலில் 40 டிகிரியைத் தொட்டு, இரவின் குறைந்த வெப்பநிலையும் இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனை வெப்ப இரவு என்று தனியாக வகைப்படுத்துகிறது. இரவு வெப்பமும் ஆபத்தே என்பதற்கு இது சான்று.

இதனை இக்கட்டுரையாளர் தம் பிழையால் அறிந்தவர். பழைய ஓட்டு வீட்டில் கிணற்றடியில் படுத்து வளர்ந்த ஒரு நாட்டு நாயை, புது மாடி வீடு கட்டிய பின் இரவில் மொட்டை மாடியில் கட்டிவைப்பது வழக்கமாயிற்று. 'மேலே காற்று வரும்' என்பது அன்றைய எண்ணம். ஒரு வைகாசி மாதத்தில், வெயில் தாழ்ந்த பின்புதானே கட்டினோம் என்ற நினைப்பில் விட்டதில், விடியற்காலையில் அது எழவில்லை. தண்ணீர்ச் சட்டி சங்கிலிக்கு எட்டாத தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. வெறுங்காலுடன் மாடியில் நின்றபோது தரை அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. அவிழ்த்து விட்டிருந்தால் அது தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொண்டிருக்கும்.

சட்டத்தின் பார்வை

இந்தியாவில் விலங்கு வதைக்கு எதிரான முதல் சங்கம் 1861-இல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பவரின் முயற்சியால் தோன்றியது. 1890-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவு, தம் விலங்குக்குப் போதிய உணவோ நீரோ தங்குமிடமோ தராமல் இருப்பதைக் குற்றமாக்குகிறது. வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாமல் புறக்கணிப்பதும் அதே பிரிவில் அடங்கும். 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றாக்கியது. சங்கிலியின் நீளமும் தண்ணீர்ச் சட்டியின் இடமும் இதனால் வெறும் வீட்டுச் செய்திகளாக மட்டும் இல்லை.

இன்றைய வீட்டில் செய்யத்தக்கவை

பழைய வீடு தற்செயலாகத் தந்ததை இன்று தெரிந்தே செய்ய வேண்டியுள்ளது.

தரை: கோடை இரவில் நாயை மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ கட்டக்கூடாது. தரைத்தளத்தில், மண் அல்லது கல் பாவிய, காற்று வரும் இடமே நல்லது. அந்தியில் அவ்விடத்தில் நீர் தெளித்து ஆறவிடலாம். நனைத்துப் பிழிந்த சாக்கை அடியில் விரிக்கலாம். ஈரத் துணியால் உடலைப் போர்த்தி வைக்கக்கூடாது, அது சூட்டை உள்ளேயே அடக்கிவிடும்.

நீர்: கவிழாத அகன்ற மண்சட்டியில், சங்கிலிக்கு எட்டும் தூரத்தில் இரவு முழுவதும் நீர் இருக்க வேண்டும். மண்சட்டியில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

காற்று: வியர்க்காத உடலுக்கு மின்விசிறி மட்டும் தரும் பயன் குறைவு. வயிறு, கால், காதுப் பகுதிகளை நனைத்துவிட்டு விசிறியைப் போட்டால் நன்றாகக் குளிரும்.

நடை: தார்ச்சாலை இருட்டிய பின்னும் சுடும். புறங்கையைச் சில விநாடி சாலையில் வைத்துப் பார்த்து, தாங்கினால் மட்டுமே நாயை நடத்த வேண்டும். அதிகாலையே சிறந்த நேரம்.

இனம்: பக் போன்ற குட்டை மூக்கு நாய்களும், வயது முதிர்ந்த நாய்களும், பருத்த நாய்களும் எளிதில் பாதிக்கப்படும். அவற்றைக் கோடை இரவில் வீட்டுக்குள் வைப்பதே பாதுகாப்பு.

ஆபத்து அறிகுறிகள்: ஓய்விலும் நிற்காத இளைப்பு, கெட்டியான எச்சில், மிகச் சிவந்த ஈறு, வாந்தி, தள்ளாட்டம். இவற்றைக் கண்டால் உடனே நிழலில் நீர் ஊற்றி நனைத்து, விசிறிக் குளிர்வித்தபடியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகு வண்டி என்பதே இன்றைய கால்நடை மருத்துவ அறிவுரை.

தெரு நாய்களுக்கும் இவற்றில் ஒன்றையாவது செய்ய முடியும். வாசலில் ஒரு மண்சட்டி நீர் வைக்கலாம். வாசல் தெளிக்கும் வழக்கம் இன்னும் உள்ள திருவரங்கத் தெருக்களில், மாலையில் தெளித்த ஈரத்தின் மேல் நாய்கள் வந்து படுப்பதை இன்றும் காணலாம். அவற்றை விரட்டாமல் விடுவதும் ஓர் உதவியே.