ஆயிர மசலாவும் ஒரு சிறுமியின் வினாவும்

பழங்காநத்தத்தில் மாலை நேர வகுப்பொன்றில் நாம் பாடம் சொல்லி வந்த நாளில், 'மசலா' என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். அடுக்களை மசாலாவே அவர்கள் நினைவுக்கு வந்தது. அதுவும் அரபு வழி வந்த சொல்லே. ஆயினும் அது 'ஸாத்' எழுத்துடைய வேறொரு வேரில் பிறந்தது. நாம் குறித்ததோ, வினவுதலைக் குறிக்கும் 'ஸஅல' என்னும் வினையடியாகப் பிறந்த 'மஸ்அலா'. அதன் பொருள் வினா என்பதாம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்து சேர்ந்தபோது, யூத அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அவர்களிடம் வந்து மூன்று வினாக்கள் தொடுத்தார் என்று புகாரி கிரந்தம் கூறுகின்றது. இறுதி நாளின் முதல் அடையாளம் யாது, சுவனவாசிகளின் முதல் உணவு யாது, குழந்தை தந்தையையோ தாயையோ ஒத்திருப்பது எதனால் என்பனவே அவை. விடை பெற்ற அவர் இசுலாத்தைத் தழுவினார்.

இம்மூன்றையும் கருவாகக் கொண்டு பிற்காலத்தார் ஒரு கதை மரபையே வளர்த்தனர். மூன்று வினாக்கள் ஆயிரமாயின. அது இலக்கியமேயன்றி நபிமொழித் தொகுப்பன்று. அரபிலிருந்து 1143ஆம் ஆண்டளவில் இலத்தீனுக்குச் சென்ற அந்நூல், பின்னர் மலாய், ஜாவா மொழிகளிலும் உருப்பெற்றது. தமிழில் அதனை 1572இல் பாடியவர் வண்ணப்பரிமளப் புலவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்த 'ஆயிர மசலா', இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இசுலாமிய இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது. அது அரங்கேறிய இடம் நமது மதுரை மாநகரே என்பர். வினாவையே உடலாகக் கொண்ட நூலொன்று நம் இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் பின் 'நூறு மசலா' வந்தது. அடிமைப் பெண்ணொருத்தி அறிஞர்களின் வினாக்களுக்கு விடையிறுத்து வெல்லும் 'வெள்ளாட்டி மசலா'வும் வந்தது.

வினாக்கள் எல்லாம் ஓரினத்தவை அல்ல. பவணந்தி முனிவர் நன்னூலில் அவற்றை ஆறாக வகுத்தார். ஆசிரியர் தாம் விடை அறிந்திருந்தும் மாணவனை நோக்கிக் கேட்பது அவற்றுள் 'அறிவினா' ஆகும். 1950களில் அமெரிக்க உளவியலார் கில்ஃபோர்டு, சிந்தனையை ஒரே விடையை நாடிக் குவிவது என்றும், பல விடைகளை நோக்கி விரிவது என்றும் பிரித்தார். அவ்வழியே கல்வியாளர் வகுப்பறை வினாக்களையும் குவி வினா, விரி வினா என வகுத்தனர். சுப்ஹுத் தொழுகையில் கடமையான ரக்அத்துகள் எத்தனை என்பது குவி வினா. இரண்டு என்பதன்றி வேறு விடை இல்லை. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகையால் விளையும் நன்மைகள் யாவை என்பது விரி வினா.

மசலா நூல்களில் மிகுதியும் காணப்படுவன குவி வினாக்களே. சூரியன் ஒரே ஒரு முறை பார்த்த நிலம் எது என்பது அக்கதை மரபில் வரும் வினாக்களுள் ஒன்று. மூஸா நபி (அலை) அவர்களுக்காகப் பிளந்து வழிவிட்ட கடலின் அடித்தரை என்பது விடை.

இவ்வினாவை நாம் வகுப்பில் கேட்டோம். பாட்டியாரிடம் கதை கேட்டிருந்த சிறுவன் ஒருவன் உடனே விடை சொன்னான். அவனைப் பாராட்டி அடுத்த பாடத்துக்குச் செல்லும்போது சிறுமி ஒருத்தி எழுந்து, "ஹஜ்ரத், ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கிறப்ப நடந்தவங்களுக்குப் பயமா இருக்காதா?" என்றாள். பாடத்தில் இல்லாததைக் கேளாதே என்று அமர்த்திவிட்டோம். அவ்வாண்டு முழுதும் அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

பேரீச்ச மரத்தைப் பற்றிய நபிமொழி அப்பொழுது நம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இலை உதிராததும் முஸ்லிமுக்கு உவமையானதுமான மரம் எது என்று அண்ணலார் தோழர்களைக் கேட்டார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் விடை உதித்தும், நாணத்தால் வாய் திறக்கவில்லை. பின்னர் அதனை அறிந்த தந்தையார் உமர் (ரலி) அவர்கள், மகன் அதனைச் சொல்லியிருந்தால் தமக்கு எத்துணையோ உவப்பாயிருந்திருக்கும் என்றார்கள். தாமே நாணி நின்ற மகனுக்காக ஒரு தந்தை வருந்தினார். நாமோ பேசிய பிள்ளையை வாய் மூடச் செய்தோம்.

மறு ஆண்டு அதே பாடம் வந்தபோது அச்சிறுமியின் வினாவை நாமே வகுப்பில் கேட்டோம். பின்னால் வந்த படையே பெரிய பயம் என்றான் ஒருவன். தாய்மார்கள் பிள்ளைகளைத் தண்ணீரைப் பார்க்க விட்டிருக்க மாட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. அச்சமும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும் என்பதை, நாம் விளக்காமலே அவர்கள் கண்டுகொண்டனர்.

குவி வினா இன்றி மார்க்கக் கல்வி நிலைபெறாது. ஆனால், கற்றது நெஞ்சில் வேரூன்ற விரி வினாவும் வேண்டும். இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால், விடை தெரியாவிடினும் அதட்டாதீர்கள். நம் தமிழ் இலக்கியம் கேட்கத் துணிந்த ஒருவரின் கதையோடு தொடங்கியது.