மாம்பலத்துப் புழுவும் கருப்பைவாய் வைரஸும்: 27.7 விழுக்காடு சொல்வது என்ன?

சென்னையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் தடுப்பூசி வருமுன்பே சரியத் தொடங்கிவிட்டது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1982 முதல் பேணிவரும் பதிவேட்டில் பெண்களிடையே முதலிடம் வகித்த இந்நோயின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கி, அந்த இடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. பிந்திய திருமணமும் குறைந்த பிள்ளைப்பேறும் கல்வியுமே இச்சரிவுக்குக் காரணம், ஆகவே மனிதப் பாப்பிலோமா வைரஸ் வெறும் துணைக்காரணம் என்று வாதிடும் போக்கு ஒன்று உண்டு. அதன் முற்பாதியோடு எனக்குப் பிணக்கில்லை. 'ஆகவே' என்ற சொல்லைத்தான் ஏற்க இயலவில்லை.

அவ்வாதம் பெரிதும் ஊன்றி நிற்பது 27.7 என்ற எண்ணின் மேல். 2003இல் வெளியான சென்னை ஆய்வு, கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகள் 205 பேரையும் அவர்கள் வயதையொத்த, அந்நோயற்ற 213 பெண்களையும் ஒப்பிட்டது. நோயற்றவர்களில் 27.7 விழுக்காட்டினரிடம் வைரஸ் இருந்தது. இத்தனை பேர் வைரஸைச் சுமந்தும் நலமாக இருக்க, அது எப்படி நோய்க்குக் காரணமாகும் என்று கேட்கிறார்கள்.

மேற்கு மாம்பலத்தை அறிந்தவர்களுக்கு இதன் விடை பழக்கமானது. யானைக்கால் நோய்க்கும் கொசுவுக்கும் ஒரு காலத்தில் பேர்போன பகுதி அது. அந்நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் மேலோட்ட ரத்தத்துக்கு வரும். அதனால் ஊர் உறங்கும் வேளையில் விரல்நுனியைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி எடுப்பதே சோதனை முறை. புழு தென்பட்ட பலருக்குக் கால் வீங்குவதில்லை. வீங்கிய காலோடு வரும் பலரது ரத்தத்தில் புழு தென்படுவதில்லை. இதை வைத்துப் புழு காரணமன்று என யாரும் முடிவுகட்டவில்லை. தொற்று வேறு, தொற்று முற்றி நோயாவது வேறு.

27.7 என்பதும் ஒரு நாள் எடுத்த மாதிரியின் கணக்கே. இத்தொற்று பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடும்; அகலாமல் தங்குவதே ஆபத்து. நேற்று வந்த வைரஸையும் பத்தாண்டாகத் தங்கிய வைரஸையும் ஒற்றைச் சோதனை பிரித்துக் காட்டாது. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: நோயற்றவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினரிடம் வைரஸ் இல்லை, நோயாளிகளில் வைரஸ் இல்லாதவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரை முன்னிறுத்தும் மறுப்பை நெடிது ஆராய வேண்டியதில்லை. மாதிரியில் வைரஸ் பிடிபடாமல் போவது ஆய்வுக்கூடங்கள் அறிந்ததே.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. வைரஸ் இல்லை என்று தெரிந்த 24,380 பெண்களில் எட்டாண்டுக் காலத்தில் ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. இளவயதுத் திருமணமும் வறுமையும் அவர்களுக்கும் அந்நியமல்ல. இல்லாதிருந்தது வைரஸ் மட்டுமே.

அப்படியானால் சென்னையின் சரிவு? பல பேறுகள் தங்கிய தொற்றை நோயாக முற்றச் செய்யும் துணைக்காரணம். அது குறைந்தது, நோயும் குறைந்தது. வைரஸ் குறைந்ததற்குச் சான்று இதில் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 1,891 பெண்களிடம் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. அதில் தொற்று 16.9 விழுக்காடு; பல நாடுகளில் போல இளவயதில் உச்சம் தொட்டு வயதோடு தணியாமல், எல்லா வயதிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. குறுக்குவெட்டு ஆய்வு என்பதால் இது பழைய தொற்றின் நீடிப்பா, புதிய தொற்றா என்று அறுதியிட முடியாது. எப்படியாயினும் வைரஸ் நம்மிடையே ஊன்றி நிற்கிறது என்றே கொள்கிறேன்.

மாம்பலத்து ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. சாக்கடையைச் சீராக்கினால் கொசு குறையும், புழு பரவும் வழியே அடைபடும். பிள்ளைப்பேறு குறைவதால் வைரஸ் பரவும் வழி அடைபடுவதில்லை. 14 வயதுச் சிறுமிகளுக்கு இவ்வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்ததன் நியாயம் இதுவே. பதிவேட்டில் கோடு இறங்குகிறது என்று ஆறியிருந்தால், அக்கோட்டுக்குள் இன்னும் எஞ்சியிருக்கும் பெண்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.