மூச்சு மாறினால் சடங்கு செல்லாது! பாலி மெய்யெழுத்துகளை உச்சரிப்பது எப்படி?

விசாக தினத்தன்று செயின்ட் மைக்கல்ஸ் சாலையிலுள்ள ஸ்ரீலங்காராமய கோயில் பக்கம் போனால் பாலி மொழியில் ஓதுவதைக் கேட்கலாம். தேரவாத பௌத்தத்தின் புனித நூல்கள் இருப்பது அந்த மொழியில்தான்.

பாலிக்கென்று தனி எழுத்து கிடையாது. சிங்களம், பர்மியம், தாய், ரோமன் என எதிலும் எழுதலாம். அதனால் ஒலியைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

எத்தனை எழுத்துகள்?

மரபுக் கணக்குப்படி மெய்கள் 33. அவற்றில் 25, ஐந்து வரிசைகளில் வரும். க, ச, ட, த, ப... நமக்குப் பழக்கமான வரிசைதான்!

ஆனால் தமிழில் ஒரே 'க' இருக்கும் இடத்தில் பாலியில் நான்கு. சுலோகப் புத்தகங்களில் க, க², க³, க⁴ என்று சின்ன எண்களைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில் பார்ப்போம்.

- க: 'கல்' என்பதில் வருவது
- க²: அதையே மூச்சுக்காற்றுடன் சொல்வது
- க³: 'தங்கம்' என்பதில் வருவது
- க⁴: அதையும் மூச்சுடன் சொல்வது

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வையுங்கள். க², க⁴ சொல்லும்போது காற்று கையில் படணும். அவ்வளவுதான்!

மாற்றிச் சொன்னால் என்ன?

பொருளே மாறிவிடும். 'ப²ல' என்றால் பழம். 'ப³ல' என்றால் வலிமை. 'கத' என்றால் செய்யப்பட்டது. 'க³த' என்றால் போனது.

துறவிகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 'சமந்தபாசாதிகா' என்ற பழைய வினய உரை ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. சங்கச் சடங்கின் வாசகத்தில் 'ஸுணாது' (கேட்கட்டும்) என்பதை 'ஸுணாது²' என்று மூச்சுவிட்டுச் சொன்னால் அந்தச் சடங்கே செல்லாதாம்!

தமிழர்கள் கவனிக்க வேண்டியது

ண, ள, ஞ, ங நமக்குச் சுலபம். சிக்கல் வேறு இடத்தில். 'பகல்' என்று சொல்லும்போது நடுவிலுள்ள 'க' தானாகவே மென்மையாகிவிடும். பாலியில் அப்படி விடக்கூடாது. 'லோக' (உலகம்) என்பதில் 'க' வல்லினமாகவே ஒலிக்கணும். அதற்காக 'லோக்க' என்று அழுத்தவும் வேண்டாம்.

இரட்டை மெய் வந்தால் மட்டும் நின்று அழுத்துங்கள். 'ஸுத' என்றால் கேட்கப்பட்டது. 'ஸுத்த' என்றால் புத்தரின் பேருரை.

ரோமன் எழுத்தில் படிக்கிறீர்களா?

- 'டி', 'எச்' சேர்ந்து வந்தால் ஆங்கில 'திங்க்' போல் சொல்லாதீர்கள். அது த².
- 'பி', 'எச்' சேர்ந்தால் 'ஃப' அல்ல, ப².
- 'சி' வந்தால் 'க' அல்ல. 'பச்சை'யில் வரும் 'ச்'.

கோயிலுக்குக் கோயில் மாறுதே?

மாறும். பர்மியர்கள் 'ஸ' என்பதை 'திங்க்' ஒலியாகச் சொல்வார்கள். தாய்லந்தில் 'பு³த்³த⁴' என்ற சொல் மூச்சுடன் கூடிய ப² ஒலியில் தொடங்கும். அவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அது அவர்களது தாய்மொழியின் சாயல். அவர்களோடு சேர்ந்து ஓதும்போது அவர்கள் வழியிலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று தெரியுமா? 'ரூபசித்தி' என்ற புகழ்பெற்ற பாலி இலக்கண நூலை எழுதியவர் சோழ நாட்டைச் சேர்ந்த புத்தப்பிரியர். பாலி நமக்கு ரொம்பத் தூரத்து மொழி இல்லை!