கந்தக மோனோகுளோரைடு: ரப்பர் ஆலையிலிருந்து போர்க்களம் வரை

கந்தக மோனோகுளோரைடு என்பது இரண்டு கந்தக அணுக்களும் இரண்டு குளோரின் அணுக்களும் இணைந்த ஒரு கனிமச் சேர்மமாகும். இருகந்தக இருகுளோரைடு என்பது இதன் முறையான பெயர். உருகிய கந்தகத்தின் மீது குளோரின் வாயுவைச் செலுத்தி இது தயாரிக்கப்படுகிறது. மஞ்சள் நிறமும் எண்ணெய்த் தன்மையும் நெடியும் கொண்ட இத்திரவம் ஏறத்தாழ 138 பாகை செல்சியசில் கொதிக்கிறது.

1846-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ், ரப்பரைச் சூடாக்காமலே வல்கனைஸ் செய்யும் முறையைக் கண்டறிந்தார். கார்பன் டைசல்பைடில் கரைத்த கந்தகக் குளோரைடில் மெல்லிய ரப்பர்ப் பொருள்களை முக்கி எடுப்பதே அம்முறை. வேலை எளிதாயிற்று, ஆனால் கரைப்பானின் ஆவி தொழிலாளரின் நரம்புகளையும் மனநலத்தையும் தாக்கியது. பாரிசு மருத்துவர் டெல்பெக் 1856-இல் ரப்பர்த் தொழிலாளரிடம் இப்பாதிப்பை விவரித்தார்.

1860-இல் பிரெடெரிக் கத்ரி, எத்திலீனுடன் கந்தகக் குளோரைடு வினைபுரிந்து உண்டான பொருள் தோலில் கொப்புளம் எழுப்புவதைப் பதிவு செய்தார். அதுவே பின்னர் கடுகு வாயு எனப்பட்டது. 1917 சூலையில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே செருமானியப் படை அதனைப் பயன்படுத்தியது. செருமானியர் அதைத் தயாரித்தது வேறு வழியில். பிரிட்டனில் உருவான லெவின்ஸ்டைன் முறையோ எத்திலீனையும் கந்தக மோனோகுளோரைடையும் நேரடியாக வினைப்படுத்தியது.

இச்சேர்மம் தன்னளவிலும் ஆபத்தானது. ஈரக் காற்றில் புகைகிறது. நீருடன் வினைபுரிந்து ஐதரசன் குளோரைடு, கந்தக டைஆக்சைடு, கந்தகம் முதலியவற்றைத் தருகிறது. ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். திரவம் தோலைப் புண்ணாக்கும். ஆகவே ஈரம் புகாத மூடிய கலன்களில் இதனைச் சேமிக்க வேண்டும். சிந்தினால் உலர்ந்த மணலால் மூட வேண்டும். தோலில் பட்டால் உடனே ஏராளமான நீரால் கழுவி மருத்துவரை நாட வேண்டும்.

சாயம், பூச்சிக்கொல்லி, ரப்பர்த் துணைப்பொருள் ஆகியவற்றின் தயாரிப்பில் இது இன்றும் தேவைப்படுவதால் முற்றிலும் தடைசெய்ய இயலாது. எனவே 1993-இல் கையெழுத்திடப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்த வேதியியல் ஆயுத ஒப்பந்தம், இதனை மூன்றாம் அட்டவணையில் சேர்த்துள்ளது. ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல் உற்பத்தி செய்யும் ஆலைகள் குறித்து உறுப்பு நாடுகள் அறிவிக்க வேண்டும். அவை சர்வதேச ஆய்வுக்கும் உட்படலாம். 1996-இல் ஒப்பந்தத்தை உறுதிசெய்த இந்தியாவுக்கும் இக்கடமை உண்டு. ஒரே பொருள் ஆலைக்கும் ஆயுதத்துக்கும் பயன்படும்போது, அதைக் காக்கும் வேலி இத்தகைய கணக்கும் கண்காணிப்புமே.