ஒழுகிய கூரையின் கதை

1911இல் மெக்சிகோ புரட்சியில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. எல்லைக் காவலுக்காக, டெக்சாஸ் பாலைவனத்தில் மார்ஃபா என்ற சிற்றூரையொட்டி அமெரிக்க ராணுவம் முகாம் போட்டது. முகாம் வளர்ந்து, 1930இல் டி.ஏ. ரஸ்ஸல் கோட்டை என்று பெயர் பெற்றது. பெயர் வைத்து மூன்று வருடம்தான் நிலைத்தது. பொருளாதார மந்தம், கோட்டைக்குப் பூட்டு!

1935இல் ராணுவம் திரும்பி வந்தது, இந்தத் தடவை பீரங்கிகளோடு. அவற்றை நிறுத்த இரண்டு நீளக் கொட்டகைகள் எழுந்தன. கான்கிரீட், செங்கல், தட்டைக் கூரை, பக்கவாட்டில் வரிசையாகப் பெரிய கதவுகள். அலங்காரம் மருந்துக்கும் கிடையாது. இரண்டாம் உலகப்போரின்போது அங்கே ஜெர்மானியப் போர்க்கைதிகள் வந்து சேர்ந்தார்கள். சுவர்களில் ஜெர்மன் மொழி அறிவிப்புகள் ஏறின. 1946இல் மறுபடியும் பூட்டு. இனி இடிய வேண்டியதுதான் பாக்கி.

அதே ஆண்டு டிசம்பரில், கொரியாவுக்கு அனுப்பப்பட்ட 18 வயதுச் சிப்பாய் ஒருவர் பஸ்ஸில் டெக்சாஸைக் கடந்தார். மார்ஃபாவிலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளியுள்ள வான் ஹார்னில் இறங்கி, ஊர் நன்றாயிருக்கிறது, மலைகள் அழகு என்று அம்மாவுக்குத் தந்தி கொடுத்தார். பெயர் டொனால்ட் ஜட். அந்த நிலம் அவரை விடவில்லை.

சிற்பியாகப் புகழ்பெற்ற பிறகு, 1971இல் நியூயார்க்கிலிருந்து மார்ஃபாவுக்கு வந்தார். கண்காட்சி முடிந்ததும் மூட்டை கட்டப்படாமல், வைத்த இடத்திலேயே காலமெல்லாம் நிற்கும் சிற்பங்கள்தான் அவர் கனவு. 1979இல் தியா கலை அறக்கட்டளையின் பணத்தில் கொட்டகைகள் கைக்கு வந்தன. பீரங்கிக் கதவுகளைக் கழற்றிவிட்டு, நான்காகப் பகுத்த கண்ணாடி ஜன்னல்களை வைத்தார். வெளிச்சம் கொட்டியது. கூடவே மழையும்!

தட்டைக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒட்டுப்போட்டும் பலனில்லை. பழைய கூரையைத் தொடாமல், அதன் மேலேயே நெளிவுத் தகட்டில் அரைவட்டமாக இன்னொரு கூரையை ஏற்றினார் ஜட். கட்டடத்தின் உயரம் இரட்டிப்பானது. பாலைவனத்தில் இன்று கண்ணைப் பறிக்கும் அந்தக் கம்பீரம், ஒழுகலுக்குத் தேடிய வைத்தியம்.

உள்ளே 1982 முதல் அலுமினியப் பெட்டிகள் வந்திறங்கின. வெளி அளவு எல்லாவற்றுக்கும் 41, 51, 72 அங்குலம். உள்ளமைப்பு மட்டும் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. கட்டடத்தின் அளவே சிற்பத்தின் அளவைத் தீர்மானித்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். வேலை பாதியில் இருக்கும்போது எண்ணெய் விலை சரிந்தது. எண்ணெய்த் தொழில் சொத்தை நம்பியிருந்த தியாவும் தள்ளாடியது.

தியா மீது வழக்குப் போடுவேன் என்று ஜட் கிளம்பினார். சமரசம் ஏற்பட்டது, கொட்டகைகளும் சிற்பங்களும் ஒரு புதிய அமைப்பின் கைக்குப் போயின. உலகமெங்கிலுமிருந்து ரசிகர்கள் தேடி வரும் சினாட்டி அருங்காட்சியகம் 1986இல் திறந்தது இப்படித்தான். ஒரு கொட்டகையில் 48, மற்றதில் 52 என நூறு பெட்டிகள் பளபளக்கின்றன. கைதிகளுக்கான ஜெர்மன் அறிவிப்புகளை ஜட் அழிக்கவில்லை. தலையை இழப்பதைவிட அதை உபயோகிப்பது நல்லது என்கிறது அவற்றில் ஒன்று.